யூட்டின் பெயரில் நான் வைத்த நேர்த்தி

பிள்ளைகளே,

உங்கள் மறைக்கல்வி ரீச்சர் றீற்றா என் தங்கச்சி. போன கிழமை தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணை, விபூதிப் புதன் வருது. வெளிநாட்டில இருந்துகொண்டு தவக்காலம் எப்பிடிப் பிடிக்கிறனீங்கள் எண்டு பிள்ளையளுக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்கோ. போன வருசம் யூட் நாற்பது நாளும் மச்சம் மாமிசம் தொடேல்லையாம். அதைக் கட்டாயம் எழுதுங்கோ. இஞ்சத்தைப் பெடியளுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். பேந்து மூன்று நாள் பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். யூட் மச்சம் தொடவில்லை என்பது உண்மை. ஏன் தொடவில்லை என்பதை எழுதினால் அதில் முன்மாதிரி ஒன்றும் இருக்காது. ஆனாலும் அதைத்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் ரீச்சர் திருத்துவா. நடந்ததைத் திருத்த வேண்டாம் என்று அவவிடம் சொல்லியிருக்கிறேன்.

1

நாங்கள் மொன்றியலில் செயின்ட்-மிஷேல் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இங்கே படிகள் வீட்டுக்கு வெளியே இருக்கும். பனிக்காலத்தில் ஒவ்வொரு காலையும் உப்பைத் தூவிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நான் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் கொள்கலன்களில் இருந்து பெட்டி இறக்குகிறேன். என் மனைவி லூர்து ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் நிற்கிறாள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். யூட்டுக்குப் பத்தொன்பது வயது. அனெற்றுக்குப் பன்னிரண்டு. யூட் தமிழ் கதைப்பான், வாசிக்கத் தெரியாது. அனெற்றிடம் தமிழில் கேட்டால் பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் பதில் வரும். இரண்டு பேரும் தங்களுக்குள் சண்டை பிடிப்பது முழுக்கப் பிரெஞ்சில். யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரிவதில்லை, அதனால் இரண்டு பேரையும் ஏசுவேன்.

யூட் கல்லூரிக்குப் போன முதல் வருசம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். மூன்று பக்கம், முழுக்கப் பிரெஞ்சு. குடிவரவுக் கந்தோர்களில் ஏறி இறங்கிய காலத்தில் இருந்து எனக்கு ஒரு பழக்கம்: விரலால் காட்டுகிற இடத்தில் கையெழுத்து வைப்பேன். பஸ் சம்பந்தமான தாள் என்று நினைத்தேன். அது விளையாட்டில் எலும்பு முறிந்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்ற தாள் என்று இரண்டு மாதம் கழித்து அனெற் சொன்னாள்.

2

விளையாட்டின் பெயர் இங்கேயும் ஃபுட்போல்தான். ஆனால் அது நீங்கள் கடற்கரையில் விளையாடுகிற ஃபுட்போல் இல்லை. பந்து முட்டை போல இருக்கும். கையால் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தலையில் கவசம், தோளில் கவசம். எதிர்ப்பக்கத்தார் பாய்ந்து விழுத்துவார்கள்.

உங்களுக்குக் கிளித்தட்டு தெரியும். கோட்டில் நிற்கிறவன் கையை விரித்து, உள்ளே வருகிறவனை அடிக்கப் பார்ப்பான். இந்த விளையாட்டில் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பந்து வைத்திருக்கும் பெடியன் ஒருவன் பின்னால் நிற்கிறான். எதிர்ப்பக்கத்தார் அவனைத் தொட ஓடி வருகிறார்கள். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து, குனிந்து, நிலத்தில் கை ஊன்றி நிற்பார்கள். அவர்களுக்கு இருப்பது ஒரே வேலை. பின்னால் நிற்கிறவன் பந்தை எறியும் வரைக்கும், மூன்று நான்கு எண்ணும் நேரம், யாரையும் உள்ளே விடக்கூடாது. எல்லாரிலும் பாரமான பெடியள் இவர்கள். பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுடைய பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். இந்த ஐந்து பேருடைய பெயரையும் கூப்பிட மாட்டார்கள். பிழை விட்டால் மட்டும் அவர்களின் இலக்கத்தைச் சொல்வார்கள்.

யூட் அந்த ஐந்து பேரில் ஒருவன்.

முதல் வருசம் இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து, எங்கள் கோவில் பங்கில் நாலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். எல்லாரிடமும் பெரிதாகச் சொல்லியிருந்தேன். எனக்கும் அதுதான் முதல் தரம். ஆட்டம் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியும் யூட்டின் கையில் பந்து வரவில்லை. குனிந்தான், நிமிர்ந்தான், இன்னொருவனோடு முட்டுப்பட்டான், விழுந்தான், திரும்ப வந்து குனிந்தான்.

பங்கில் பெரியவர் சேவியர் அண்ணை. நல்ல மனிசன், வாய் மட்டும் சும்மா இராது.

"தம்பி, உன்ர மகன் எது?"

காட்டினேன்.

"அந்தக் குனிஞ்சு நிக்கிறதோ? முகத்தைக் காணேல்ல, பின்பக்கம்தான் தெரியுது. பந்து எப்ப குடுப்பினம்?"

"பேந்து குடுப்பினம் அண்ணை."

"கறுவல் பெடியனுக்கு மூட்டை தூக்கிற வேலைதான் குடுப்பாங்கள் எண்டு சொல்லு. தகப்பனும் பெட்டி இறக்கிறான், மகனும் முட்டுக்கு நிக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் வீட்டுக்கு என்னோடு வந்துவிட்டது. அன்று பின்னேரம் யூட் முழங்கை உரிந்து வந்து, "அப்பா, நாங்கள் வெண்டிட்டம். அவனை ஒருத்தனும் தொடேல்ல, பாத்தனீங்களோ?" என்று கேட்டான். பந்து வைத்திருந்த பெடியனைத்தான் சொன்னான். நான் அவனைப் பார்க்காமலே, "உனக்கு ஏன் பந்து தாறாங்கள் இல்லை?" என்று கேட்டேன். அவன் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

3

தை மாதம் லூர்துவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஆசுப்பத்திரியில் ஊசி குத்திப் பரிசோதித்தார்கள். மூன்று கிழமை பயந்தோம். பிறகு தொலைபேசியில் ஒரு பெண் பிரெஞ்சில் சொன்னாள், அனெற் கேட்டுத் துள்ளினாள். ஒன்றும் இல்லை.

அந்த மூன்று கிழமைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை நான் தனியாகக் கோவிலுக்குப் போய் அந்தோனியாருக்கு முன்னால் முழந்தாளில் நின்றேன். எல்லாரும் நினைத்தார்கள் லூர்துவுக்காக என்று. லூர்துவுக்காகவும் ஒரு சொல் சொன்னேன். ஆனால் நேர்த்தி வைத்தது வேறு காரியத்துக்கு. "என் மகனை அந்த முன்வரிசையில் இருந்து எடுத்து, அவன் கையில் பந்தைக் கொடும். கொடுத்தால் அவன் நாற்பது நாளும் மச்சம், முட்டை, பால் தொடாமல், ஒரு நேரச் சாப்பாட்டோடு இருப்பான்." இதுதான் நான் கேட்டது. பலனைக் காணுமுன்னமே காணிக்கையைச் செலுத்திவிடவேண்டும் என்றும் நானே தீர்மானித்தேன். எனக்கு அவ்வளவு அவசரம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பேரில் நேர்வது புதுமை இல்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தாய் தகப்பன் நேர்ந்து மொட்டை போட்டிருப்பார்கள். நேரும்போது உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அது கைக்குழந்தைக் காலம். யூட் என்னைவிட ஒரு சாண் உயரம்.

விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு அவனிடம் சொன்னேன்.

"நாற்பது நாளுமோ? முட்டையும் இல்லையோ?" என்றான். "அப்பா, இப்பதான் நாங்கள் உடம்பில பாரம் ஏத்திற காலம். ஒரு நாளைக்கு அஞ்சு தரம் சாப்பிடச் சொல்லியிருக்கினம்."

"நேர்ந்திட்டன்."

"என்னத்துக்கு?"

நான் சொன்ன பதில்: "அம்மாவின்ர பரிசோதனைக்கு."

லூர்து அடுப்படியில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளும் நம்பினாள்.

யூட் மேசையில் இருந்த முட்டைப் பெட்டியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தான். "அப்ப சரி அப்பா," என்றான்.

4

திருச்சபை கேட்பது என்ன என்று உங்களுக்கு ரீச்சர் படிப்பித்திருப்பா. இரண்டு நாள் உபவாசம், வெள்ளிக்கிழமைகளில் மச்சம் இல்லை. நான் கேட்டது நாற்பது நாள்.

யூட் காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சி மண்டபத்துக்குப் போவான். வந்து ஒரு நேரம் சோறும் பருப்பும் கீரையும் சாப்பிடுவான். மூன்றாம் கிழமை அவன் மோதிரம் விரலில் சுற்றத் தொடங்கியது. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பங்கிலும் சொன்னேன். பங்குச் சுவாமி ஒருநாள், "பெடியன் களைச்சுப் போறான் போலக் கிடக்கு, இவ்வளவு வேண்டாமே," என்றார். "நேர்த்தி சுவாமி," என்று வாயை அடைத்துவிட்டேன்.

நாலாம் கிழமை ஒரு சனிக்கிழமை கதவு தட்டுப்பட்டது. சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு பெரிய உடம்போடு ஒரு வயதான மனிசன் நின்றார். மொசியோ கிளோட். அந்த ஐந்து பேருக்கு மட்டுமான பயிற்சியாளர். ஹெயிட்டித் தீவில் இருந்து வந்தவர். யூட் வீட்டில் இல்லை. அனெற்றை நடுவில் இருத்திக் கதைத்தோம்.

"யூட் அண்ணாவுக்கு உடம்புக்கு ஏதும் வருத்தமோ எண்டு கேக்கிறார்," என்றாள் அனெற்.

"இல்லை எண்டு சொல்லு."

அவர் சமையலறையை ஒருதரம் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார். அனெற் கொஞ்சம் தயங்கினாள்.

"வீட்டில சாப்பாட்டுக்குக் கஷ்டமோ எண்டு கேக்கிறார் அப்பா. கஷ்டமெண்டா தான் தாறாராம், ஒருத்தருக்கும் சொல்லமாட்டாராம்."

லூர்து உடனே எழும்பி, சுட்டு வைத்திருந்த வடை முழுவதையும் அவருக்கு முன்னால் கொண்டுவந்து கொட்டினாள். அவர் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு, தலையாட்டி, இன்னொன்றும் எடுத்தார். பிறகு மேசையில் கவிழ்த்திருந்த தேத்தண்ணிக் கோப்பைகளில் ஐந்தை இழுத்து ஒரு வரிசையாய் வைத்தார். பின்னால், பந்து எறிகிறவனுடைய இடத்தில், ஒரு தேசிக்காய்.

அவர் சொல்லச் சொல்ல அனெற் சொன்னாள். இந்த ஐந்தையும் ஒன்றாக்க இரண்டு பனிக்காலம் செல்லுமாம். பலசாலிகளைத் தேடிப் பிடிப்பது லேசாம், அதுக்குப் பிறகுதான் வேலையாம். ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் எந்தக் காலை முதல் வைப்பான், எப்போது மூச்சு விடுவான் என்று தோளால் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஐந்து பேரும் ஒன்றாய்ப் பாரம் தூக்கி, கையைக் கோர்த்துக்கொண்டு பக்கவாட்டாய் நடந்து பழகி, ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். அவருடைய மனைவி ஒரு பானை சோறும் அவரைக்கறியும் இறைச்சியும் கொடுத்துவிடுவாவாம். யூட் அந்த மேசையில் வெறுந்தண்ணீரோடு இருக்கிறானாம்.

பிறகு ஒரு கோப்பையை ஒரு விரல் அளவு பின்னுக்குத் தள்ளினார். "இது யூட் அண்ணா," என்றாள் அனெற். அவர் விரல் அந்த இடைவெளியால் நேரே போய்த் தேசிக்காயைத் தொட்டது.

"தானும் கத்தோலிக்கனாம். வெள்ளியில தானும் இறைச்சி தின்னமாட்டாராம். இது ஏன் இவ்வளவு எண்டு கேக்கிறார்."

"நேர்த்தி எண்டு சொல்லு."

"அப்பா, நேர்த்திக்குப் பிரெஞ்சில என்ன?"

"வாக்கு எண்டு சொல்லன்."

அவர் அதைக் கேட்டுவிட்டு என்னை நேரே பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஆர் குடுத்த வாக்கு எண்டு கேக்கிறார். யூட் அண்ணா குடுத்ததோ?"

லூர்து பார்த்துக்கொண்டிருந்தாள். அனெற் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடும்பமாக் குடுத்தது," என்றேன். அந்தச் சின்னப் பிள்ளையின் வாயால் அந்தப் பொய்யையும் சொல்லுவித்தேன்.

அவர் கோப்பைகளைத் திரும்ப இருந்த இடத்தில் வைத்துவிட்டு, லூர்துவுக்கு மெர்சி என்று நன்றி சொல்லிப் போனார்.

5

உயிர்த்த ஞாயிறு வரும்போது யூட் பதினாலு கிலோ குறைந்திருந்தான். வசந்தகாலப் பயிற்சி தொடங்கி முதல் கிழமையே எதிரே நிற்கிறவன் அவனைத் தள்ளிக்கொண்டு போனானாம். தலைமைப் பயிற்சியாளர் அவனை முன்வரிசையில் இருந்து எடுத்துவிட்டார். பாரம் இல்லாததால், பின்னால் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் போட்டுப் பார்த்தார்.

நான் கேட்டது அப்படியே கிடைத்தது.

அடுத்த செவ்வாய் கோவிலில் நன்றிக் காணிக்கையாக அந்தோனியார் அப்பம் பகிர்ந்து கொடுத்தேன். சேவியர் அண்ணை முதுகில் தட்டி, "பாத்தியா, இப்ப முகம் தெரியுது," என்றார். வைகாசியில் தங்களுக்குள் இரண்டாய்ப் பிரிந்து ஒரு ஆட்டம் ஆடினார்கள். அதற்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

யூட்டுக்கு மூன்று தரம் பந்து கொடுத்தார்கள். முதல் தரம் ஒலிபெருக்கியில் எங்கள் குடும்பப் பெயர் வந்தது, அரைவாசியை விழுங்கித்தான் சொன்னார்கள். நான் எழும்பி நின்று கை தட்டினேன். இரண்டாம் தரம் நாலு அடி போனான். மூன்றாம் தரம் பந்தைத் தவறவிட்டான். எழும்பியவன் பந்து எங்கே உருண்டது என்று பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தான். அவனுடைய நாலு பேரும் அங்கே நின்றார்கள், அவனுடைய இடத்தில் வேறொரு பெடியன் கை ஊன்றி நின்றான்.

ஆட்டம் முடிந்து கம்பி வேலிக்குக் கிட்ட வந்தான். நான் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கி, "பேர் சொன்னாங்கள், கேட்டியோ?" என்றேன்.

"கேட்டனான்."

"பேந்தென்ன, முகம் இப்பிடிக் கிடக்கு?"

"எனக்கு இது பிடிக்கேல்லை அப்பா. எனக்கு ஓடத் தெரியாது. நான் அவங்களோட நிக்கிறதுதான்..." என்று தொடங்கி, நிறுத்தினான். பிறகு என்னைத் தேற்றுகிறமாதிரி, "பரவாயில்லை. அம்மாவுக்கு ஒண்டும் இல்லைத்தானே. எனக்கு அது போதும்," என்றான்.

பிள்ளைகளே, நான் கடலில் ஷெல்லுக்குப் பயந்து வள்ளத்தில் படுத்து வந்தவன். கந்தோர்களில் எத்தனையோ பேர் என்னைத் தலைகுனிய வைத்திருக்கிறார்கள். அந்த வேலிக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி நான் ஒரு நாளும் நின்றதில்லை. அவன் தன் இடத்தைத் தாய்க்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தான். நான் அதைச் சேவியர் அண்ணையின் ஒரு சிரிப்புக்குக் கொடுத்திருந்தேன்.

6

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். மூன்று கிழமை சொல்லவில்லை. சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் முதலில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மகனிட்டச் சொல்லிப் போட்டு வாரும், மிச்சத்தைப் பேந்து பாப்பம்," என்றார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். லூர்துவும் இருந்தாள். யூட் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மாவுக்குக் கட்டி வந்தது உண்மைதானே?"

"உண்மை."

"நேர்ந்தது அதுக்கில்லை."

"இல்லை."

"பந்துக்கு."

"ஓம்."

"என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே அப்பா. எனக்குப் பந்து வேணுமோ எண்டு."

அதற்குப் பிறகு அவன் வெளிப்படியால் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. பின்னேரம் அவன் வந்ததும் லூர்து ஆறு முட்டை பொரித்து அவனுக்கு முன்னால் வைத்தாள். எனக்குத் தேத்தண்ணி அனெற்தான் கொண்டுவந்தாள், அதுவும் சீனி போடாமல்.

அந்தக் கோடை முழுக்க யூட் என்னோடு தேவைக்குத்தான் கதைத்தான். அவனே மொசியோ கிளோட்டிடம் போய்த் திரும்ப வரட்டோ என்று கேட்டான். வா, ஆனால் இடம் நிரம்பிவிட்டது, கடைசியில் இருந்து தொடங்கு என்றாராம். நானும் போனேன், அனெற்றோடு. "அது குடும்பம் குடுத்த வாக்கு இல்லை, நான் குடுத்தது," என்று சொல்லச் சொன்னேன். அனெற் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். அவர், சனிக்கிழமைகளில் தன் மனைவிக்குக் களைப்பாம், பானையை நான் கொண்டுவரலாமோ என்று கேட்டார்.

போன இலையுதிர் காலம் முழுக்க யூட் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. கவசத்தைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றான், ஐந்து பேரும் வெளியே வரும்போது தண்ணீர் கொடுத்தான். எல்லா ஆட்டத்துக்கும் போனேன். இப்போது பந்தைப் பார்ப்பதில்லை. அந்த ஐந்து பேரின் காலைப் பார்க்கிறேன். எல்லாரும் ஒரே கணத்தில் ஒரே காலை வைத்தால் பின்னால் நிற்கிறவன் ஆறுதலாக எறிவான். ஒரு கால் பிந்தினால் நான் இருந்த இடத்தை விட்டு எழும்பிவிடுகிறேன்.

சேவியர் அண்ணை ஒருதரம் வந்தார். "எங்கை தம்பி உன்ர மகன்? குனியவும் காணேல்ல, ஓடவும் காணேல்ல."

"வெளியில நிக்கிறான் அண்ணை. என்னாலதான்," என்றேன். நேர்ந்ததையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது திரும்பப் பனிக்காலம். முன்வரிசையில் இரண்டு பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். இரண்டு இடம் காலி. அதற்கு ஏழு பேர் பாரம் தூக்குகிறார்கள், யூட்டும் ஒருவன். சனிக்கிழமைகளில் நான் கோழிக்கறியும் சோறும் பானையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் நிற்பேன். யூட் போட்டுச் சாப்பிடுவான். என்னோடு இருந்து சாப்பிடுங்கோ என்று அவன் இன்னும் சொல்லவில்லை.

நேற்று அவனாகவே சொன்னான்: "வெள்ளிக்கிழமையில மச்சம் இல்லை. புதனும் பெரிய வெள்ளியும் உபவாசம். மற்ற நாளில சாப்பிடுவன்."

"சரி," என்றேன்.

பிறகு இந்தக் கட்டுரையை எழுதியிருப்பதைச் சொன்னேன். உன்னைப் பற்றியது, உன் பெயர் வருகிறது, அனுப்பலாமோ என்று கேட்டேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால், மேசையில் எதிரே இருத்தி முழுவதையும் நான் வாசித்தேன். சில வரிகளை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. அவன் பொறுத்திருந்தான்.

முடிந்ததும், "அனுப்புங்கோ," என்றான். "ஒரு இடத்தை மட்டும் எடுங்கோ."

எந்த இடம் என்று சொன்னான். இந்தக் கட்டுரையிலேயே எனக்கு நல்லாய் வந்த இடம் அதுதான் என்று நினைத்திருந்தேன். ஏன் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்க அந்த நாலு வரியையும் வெட்டினேன். அது என்னவென்று ரீச்சரிடம் கேட்காதேயுங்கள். அவவுக்கும் நான் சொல்லவில்லை.